இரண்டாவது கிணற்றில் தண்ணீர்

பிரியமுள்ள சேகரண்ணே,

இரண்டாவது கிணற்றில் தண்ணீர்தான் வந்தது.

முதல் கிணற்றில் எண்ணெய் கிடைத்தபோது நம் அலுவலகமே கேக் வெட்டியது. நீங்கள் மட்டும் நிலஅதிர்வுப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடலுக்கடியில் பாறை உடைந்து விலகிய ஒரு பிளவைக் கண்டு, சிவப்புக் கோடு போட்டீர்கள். அதைத் தாண்டி எண்ணெய் இருக்காது, அடுத்த கிணற்றை இந்தப் பக்கமே தோண்டுங்கள் என்றீர்கள். எண்ணெய்ப் பரப்பு பாதியாகிவிட்டதே என்று மேனேஜருக்கு முகம் சுருங்கிவிட்டது.

நீங்கள் கிள்ளான் ஆஸ்பத்திரியில் படுத்த வாரம், கணினி வரைபடத்திலிருந்து அந்தக் கோட்டை எடுக்கச் சொன்னார் மேனேஜர். அந்த இடத்தில் படம் மங்கல்தானே, பிளவு இல்லாமலும் இருக்கலாமே என்றார். நானும் அப்படி நம்ப ஆசைப்பட்டேன். எடுத்துவிட்டேன். மூலையில் வரைந்தவர் பெயரை மட்டும் மாற்றவில்லை. மறந்துதான் போனேனா, அண்ணே?

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு எதைக் கொண்டுபோவது என்று தெரியாமல், கோடு எடுத்த அந்த வரைபடத்தையே அச்சிட்டு அண்ணியிடம் கொடுத்தேன். அப்போது உங்கள் கோட்டைத் தாண்டி இரண்டாவது கிணறு தோண்டி முடியவில்லை. அண்ணி அதைச் சட்டம் போட்டு உங்கள் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார்.

இப்போது யார் தவறு என்று கூட்டாளி நிறுவனங்கள் கேட்கின்றன. திங்கட்கிழமை நான் பதில் சொல்ல வேண்டும். மேனேஜர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "மேப்ல அவர் பேருதானே இருக்கு, அப்படியே விட்டுடு லா. அவருக்கு இனிமே என்ன ஆகப்போகுது?"

உண்மையைச் சொன்னால் வேலை போகும். பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் என் ஒருத்தி சம்பளத்தில்தான் அம்மாவும் தம்பியும் இருக்கிறார்கள். சொல்லாவிட்டால், தப்பாக வரைந்தவர் என்ற பெயர் உங்களுக்கு. நேற்று அண்ணியைப் பார்க்கக் கொமுட்டர் ரயிலில் கிள்ளான்வரை போய், ஸ்டேஷனை விட்டு வெளியே வராமல் அடுத்த ரயிலில் திரும்பினேன். அண்ணி கதவைத் திறந்து, "உங்கண்ணன் வரைஞ்சத பாத்தியாம்மா?" என்று கேட்டால் என்ன சொல்வேன்?

உங்கள் காகிதப் படம் மேஜை இழுப்பறையில் அப்படியே இருக்கிறது, சிவப்புப் பென்சில் கோட்டோடு. அதன் நகலைத் திங்கட்கிழமை கூட்டத்தில் வைப்பேன். கோட்டை எடுத்தவள் நான் என்றும் சொல்வேன். அசல் அண்ணிக்கு. ஞாயிற்றுக்கிழமையே கிள்ளானில் இறங்குவேன், அண்ணே. சுவரில் இருப்பதை அண்ணி கண்முன்னே நானே கழற்றி, உங்களுடையதை மாட்டுவேன். அதற்குப் பிறகு அண்ணி என்னை உட்காரச் சொல்வாரா என்று தெரியவில்லை.

உங்கள் பெயருக்குப் பின்னால் ஒளிந்திருந்த தங்கை,
மாலதி