பௌர்ணமியில் வராத நெட்

வெள்ளி

காலையில் தூறல். நேற்றைய இடியில் நெட் பெட்டி கருகிவிட்டது. கேபிள்காரர் புதுப் பெட்டி மாட்டினார். பச்சை விளக்கு எரிந்தது, சரி என்று அனுப்பிவிட்டேன். என் போன் வாளித் தண்ணீரில் விழுந்து, சிம்மோடு ரிப்பேர் கடையில். செங்கம் ரோட்டில் வாடகைக்கு விடும் ஸ்கூட்டர் எல்லாம் கிரிவலத்துக்கு வந்தவர்களிடம் போய்விட்டன. நாளை பௌர்ணமி.

ஞாயிறு சாயங்காலம் மஸ்கட்டிலிருந்து மனைவி சுமதி கூப்பிடுவாள். அன்று அவளுக்கு லீவு. ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு வருடம் நர்ஸாக இருக்கச் சொல்கிறார்களாம். "உங்களக் கேட்டுட்டுதான் கையெழுத்து போடுவேன்" என்று போன வாரம் சொன்னாள். வந்துவிடு என்று சொல்லப்போகிறேன். லேப்டாப்பில் முகம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சனி

லேப்டாப்பில் ஒரு பக்கமும் திறக்கவில்லை. வைஃபை மட்டும் 'இணைந்தது' என்கிறது. விண்டோஸ் நகர மறுத்ததால் மச்சான் லினக்ஸ் போட்டுக் கொடுத்த பழைய லேப்டாப். கீழ் வீட்டு வசந்தா அக்காவிடம் புலம்பினேன்.

"பௌர்ணமின்னாலே நெட்டு கம்மிதான் தம்பி. ஜனம் போவட்டும், தானா வந்துடும்." சொல்லிவிட்டு அவரும் கிரிவலம் கிளம்பிவிட்டார். திங்கள்தான் திரும்புவாராம்.

ஊரே சொல்வதுதான். நானும் நம்பினேன். ரிப்பேர் கடையில் பூட்டு. கடைக்காரர் கிரிவலப் பாதையில் மோர் ஊற்றுகிறாராம்.

வாங்க: துவரம்பருப்பு, சோப்பு, பிளேடு (ஞாயிறுக்கு).

ஞாயிறு

சவரம் ஆயிற்று. அவளுக்குப் பிடித்த நீலச் சட்டை. லேப்டாப் முன்னால் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன். நெட் வரவில்லை. பெட்டியை அணைத்துப் போட்டேன், மறுபடியும் அணைத்துப் போட்டேன். கூட்டம் குறையட்டும் என்று காத்திருந்தேன். தெருவெல்லாம் அரோகரா. அண்ணாமலையாரே, உன் பக்தர்களுக்குச் சீக்கிரம் பஸ் கிடைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இப்படி ஒரு வேண்டுதல் அவருக்கே புதிதாக இருக்கும்.

சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வாள். அதைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் இல்லை.

திங்கள்

பஸ் ஸ்டாண்டு காலி. என் லேப்டாப்பில் இன்னும் ஒன்றும் வரவில்லை. ஊர் திரும்பிய கூட்டத்தைத் திட்டிக்கொண்டே இறங்கினால், வசந்தா அக்கா போனில் எங்கள் வைஃபையிலேயே சீரியல் ஓடுகிறது! கூட்டம் ஒரு பாவமும் அறியாது. கோளாறு என் லேப்டாப்பில்தான்.

கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து, வெளியே எட்டுகிறதா என்று பிங் கொடுத்தேன். ஒரு தளத்தின் எண்ணைக் கொடுத்தால் பதில் வருகிறது. பெயரைக் கொடுத்தால் தெரியாது என்கிறது. அப்படியானால் டிஎன்எஸ். பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்கிற இடம். அங்கே மச்சான் பழைய பெட்டியின் எண்ணைக் கையால் போட்டு வைத்திருக்கிறான். கருகிப்போன பெட்டியிடம் இத்தனை நாளாக வழி கேட்டிருக்கிறது. அந்த எண்ணை அழித்தேன், தானாக எடுத்துக்கொள்ளும்படி மாற்றினேன், வைஃபையை அணைத்துப் போட்டேன். வந்துவிட்டது. இவ்வளவுதான் வேலை. சனிக்கிழமையே செய்திருக்கலாம்.

கூப்பிட்டேன். எடுத்தாள். நர்ஸ் உடை. கண் வீங்கியிருந்தது.

"நேத்தெல்லாம் கூப்ட்டேன், நீங்க வரவேயில்ல. ரெண்டு வருஷம் இருந்துட்டு வான்னு நேரா சொல்ல மனசு வராம ஒதுங்கறீங்கன்னு நெனச்சிக்கினேன். மௌனம் சம்மதம்னு காலைல கையெழுத்து போட்டுட்டேன்."

லேப்டாப் மூடியைச் சற்று நிமிர்த்தி வைத்தேன்.

"பௌர்ணமியாச்சே, நெட்டு வந்திருக்காது. அதான?" என்று அவளே கேட்டாள்.

"ஆமா. செம கூட்டம்."

"நீங்க என்னங்க சொல்றதா இருந்தீங்க?"

"கையெழுத்து போடுன்னுதான்."