இரண்டாவது பச்சைக் கோடு

11.6.1998, வியாழன்

கிள்ளானில் இன்று தண்ணீர் இல்லாத நாள். நேற்றே வாளிகளை நிரப்பி வைத்திருக்க வேண்டும். என் முறை. மறந்துவிட்டேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போய் இரண்டு வாளி தூக்கி வந்தாள். சொல்லியிருந்தால் தேவலை.

பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்தில் விமானம் இன்றும் திக்கியது. விமானம் என்று எழுதிப் பழகிவிட்டது. ஒரு ஃபைபர் கூண்டு, நாற்காலி, முன்னால் திரை. சுபாங்கில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளிக்காகச் செய்கிறோம். மாணவர்கள் தரையிலிருந்தே ஓட்டிப் பழகுவதற்கு. நேராகப் பறந்தால் சரியாக இருக்கிறது. திரும்பினால் ஓடுபாதை குதித்துக் குதித்து வருகிறது. நொடிக்குப் பதினொரு படம். முப்பது வேண்டும்.

கணினிக்குள் இரண்டு பிராசசர். என் புரோகிராம் ஒன்றைத்தான் தொடுகிறது. மற்றது சும்மா இருக்கிறது.

ஜூலை 22 சோதனை. அன்றும் குதித்தால் பள்ளி வாங்காது. வேறு ஆர்டர் இல்லை. ரிங்கிட் மதிப்பு விழுந்த இந்த வருடம் யாரிடம் இருக்கிறது? நாங்கள் நான்கு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

15.6, திங்கள்

உட்கார முடியவில்லை. நின்றாலும் முடியவில்லை. சும்மா இருக்கும் அந்த இரண்டாவது பிராசசரே நினைப்பு.

18.6, வியாழன்

புரோகிராமை இரண்டாகப் பிரித்தேன். பறத்தலைக் கணக்கிடுவது ஒரு பிராசசரில், படம் வரைவது இன்னொன்றில். ஓட விட்டேன். வேலை அளவைக் காட்டும் இரண்டு பச்சைக் கோடுகளும் உச்சியைத் தொட்டன. நூறு, நூறு.

படம் நொடிக்குப் பன்னிரண்டு.

அரை மணியில் புரிந்தது. இரண்டாவது பிராசசர் வரையவில்லை. முதலாவதிடம் "முடிஞ்சதா, முடிஞ்சதா" என்று கேட்டுக்கொண்டே சுற்றுகிறது. அப்படித்தான் எழுதியிருக்கிறேன். காத்திருப்பதற்கே முழு வலுவும் போகிறது. கோட்டுக்கு அது தெரியாது. அதற்குக் காத்திருப்பும் வேலைதான்.

அப்போது பார்த்து சாத்தப்பன் அண்ணன் உள்ளே வந்தார். இந்த நிறுவனமே அவருடையது. கோடுகளைப் பார்த்தார்.

"அடேய் சபா! ரெண்டும் ஃபுல்லா ஓடுது! நான் சொன்னேன்ல, இந்த மெஷின் வாங்குனது வீண் போகாதுன்னு!"

முதுகில் ஒரு அடி. உடனே பள்ளிக்கு ஃபோன்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஏன்? அவர் முகம் மூன்று மாதத்தில் முதல் முறையாக அப்படி இருந்தது. அதுதான் காரணமா? இல்லை. பாராட்டு பிடித்திருந்தது.

21.6, ஞாயிறு

அக்காவுக்குப் பினாங்கிலிருந்து கடிதம். ஆசிரியர்களுக்கு மூன்று மாதப் பயிற்சி. போன வருடமும் வந்தது. பக்கவாதத்தில் அப்பாவுக்கு இடப்பக்கம் விழுந்த புதிது. மறுத்து எழுதிவிட்டாள். இந்தத் தடவை ஜூலை 15க்குள் பதில் போட வேண்டும். கடிதத்தை மேசை விரிப்புக்கு அடியில் வைத்திருக்கிறாள். தற்செயலாகத்தான் பார்த்தேன்.

அப்பாவைக் குளிப்பாட்டினாள். துண்டைப் பிடித்தபடி வாசலில் நின்றேன். எந்த சோப்பு என்று கேட்டேன். எந்தச் சட்டை என்று கேட்டேன்.

25.6, வியாழன்

பள்ளிக்குப் போன கடிதத்தின் நகலை அண்ணன் காட்டினார். பெருமையோடு. சோதனை விதிகள் ஆறு. நான்காவது: "இரண்டு பிராசசர்களும் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் பயன்படுத்தப்படும்."

"யார் எழுதுனது அண்ணே?"

"நான்தான். சோதிக்க வர்ற கேப்டன் சீவரத்தினம் லேசுப்பட்ட ஆளா? கணக்கு காட்டணும் லா அவருக்கு."

என் மௌனம் இப்போது நிறுவனத்தின் முத்திரையோடு தபாலில் போய்விட்டது.

29.6, திங்கள்

சண்டை. தொடங்கியது மாத்திரையில்.

வெள்ளை மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டேன். அவ்வளவுதான். அக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உதவி பண்றேன் பண்றேன்னு வந்து நிக்கிற. ஒவ்வொண்ணுக்கும் என்னக் கேக்குற. உனக்குப் பதில் சொல்ற நேரத்துல நானே செஞ்சிருவேன். நீ உதவறதே எனக்கு இன்னொரு வேல, தெரியுமா?"

"தப்பாயிடுமோன்னுதான்..."

"ஆகட்டும்! எனக்கு ஆகலியா? எனக்கு யாருடா சொல்லிக் குடுத்தா?"

அப்பா அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் இருவருக்கும் அது தெரியும்.

"வர்ற ஞாயிறு நான் வெளிய போறேன். சாயங்காலம்தான் வருவேன். எங்கன்னு சொல்லமாட்டேன்."

5.7, ஞாயிறு

காலை எட்டு மணிக்கு அக்கா கிளம்பினாள். கேட்கவும் ஆளில்லை.

கஞ்சியில் உப்பு அதிகம். அப்பா இரண்டு வாய்க்குப் பிறகு உதட்டை மூடிக்கொண்டார். மறுபடியும் வைத்தேன். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டு மதியம்தான் கவனித்தேன். மாத்திரை உறையில் எழுதியிருந்தது, சாப்பாட்டுக்குப் பின். ஒரு வருடமாக எழுதியே இருந்திருக்கிறது.

அப்பா தூங்கியதும் தரையைத் துடைத்தேன். பாதித் தரையில் கை நின்றுவிட்டது. வரைகிறவன், அந்த இரண்டாவது பிராசசர், ஏன் கேட்க வேண்டும்? கணக்கிடுகிறவன் கடைசியாக முடித்ததைத் தனிப் பிரதியாக வைத்துவிட்டுத் தன் போக்கில் போகட்டும். வரைகிறவன் அதை எடுத்துக்கொண்டு முழுதாக வரையட்டும். அதற்குள் விமானம் ஒரு இமைப்பொழுது நகர்ந்திருக்கும். திரையில் தெரிவது எப்போதும் சற்றே பழைய விமானம். இருந்தால் என்ன?

உவமை தேடாதே. தரையைத் துடை.

ஆறு மணிக்கு அக்கா வந்தாள். கஞ்சிச் சட்டியை முகர்ந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. இந்தத் தடவை அது உறுத்தவில்லை.

8.7, புதன்

நொடிக்கு முப்பத்தொரு படம். திரும்பினேன், ஓடுபாதை எண்ணெயில் வழுக்குவதுபோல் வந்தது. கூண்டுக்குள் தனியாகச் சிரித்தேன். பைத்தியம்.

கோடுகள்: முதலாவது எழுபது. இரண்டாவது ஐம்பத்தைந்து.

அண்ணன் திரையைப் பார்க்கவில்லை. கோட்டைத்தான் பார்த்தார். "என்ன லா இது, பாதிதான் ஓடுது? முன்னாடி ரெண்டும் நூறு காட்டுச்சே!"

10.7, வெள்ளி

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். நூறு என்பது வெறும் சுற்றல் என்று. அன்றைக்கே தெரியும் என்றும்.

அண்ணன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு மெதுவாக, "அந்தச் சுத்தல ஓரமா ஓட விட்டா தொண்ணூறு காட்டும்தானே?"

காட்டும். பத்து வரி போதும்.

14.7, செவ்வாய்

அந்தப் பத்து வரியையும் எழுதினேன். இரண்டு கோடுகளும் உச்சியில். படம் கிட்டத்தட்ட அதே வேகம். நிமிடத்துக்கு ஒரு முறை ஓடுபாதை சற்றே தடுக்குகிறது. தெரிந்தவனுக்குத்தான் தெரியும்.

மேசை விரிப்புக்கு அடியில் கடிதம் அப்படியே இருக்கிறது. நாளை கடைசி நாள்.

"போக்கா. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"பாத்துக்குவியா, கேட்டுக்குவியா?"

அப்பாவின் மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். வெள்ளை. சாப்பாட்டுக்குப் பின்.

15.7, புதன்

பள்ளிக்கூடம் போகிற வழியில் பதிலைத் தபாலில் போட்டுவிட்டாள்.

21.7, செவ்வாய்

பத்து வரியையும் அழித்தேன். அண்ணனிடம் சொன்னேன். "நாளைக்கு நீயே பேசிக்க" என்றார்.

22.7, புதன்

கேப்டன் சீவரத்தினம். குட்டை மனிதர். வெள்ளைச் சட்டையில் மடிப்பு கலையவில்லை. கடிதத்தைக் கையிலேயே வைத்திருந்தார். நான்கு தடவை தரையிறங்கினார். பிறகு கூண்டிலிருந்து வெளியே வந்து பச்சைக் கோடுகளுக்கு முன்னால் நின்றார்.

"ஐம்பத்தஞ்சு. லெட்டர்ல தொண்ணூறுன்னு இருக்கு. பொய்யா?"

"ஆமா சார்."

"யாரு சொன்ன பொய்?"

அண்ணன் தன் காலணியைப் பார்த்தார்.

"என்னுது சார்." காத்திருப்பை, சுற்றலை, எல்லாவற்றையும் சொன்னேன். தமிழும் இங்கிலீஷும் குழம்பின.

கேட்டுவிட்டு மறுபடி கூண்டுக்குள் போனார். நாற்பது நிமிடம். பக்கக் காற்று, மழை, ஒரு எஞ்சின் நின்ற நிலை. விமானம் ஒரு தடவைகூடத் தடுக்கவில்லை. வெளியே வந்து பேனாவை எடுத்தார். நான்காவது விதியை ஒரு கோட்டால் அடித்தார்.

"முள்ளு சிவப்புலயே நிக்கிற மாதிரி எஞ்சின ஓட்டுவியா? கொஞ்சம் மிச்சம் வேணும் லா. இதுக்குப் பக்கத்துல சைன் போடு. நீ. அவரு இல்ல."

போட்டேன்.

"ஒரு மாசம் ஓட்டிப் பாக்கறேன். இன்னொரு பொய் கண்ணுல பட்டுச்சு, கூண்ட நீங்களே வந்து தூக்கிட்டுப் போங்க."

வாங்கிக்கொண்டாரா, இல்லையா? அண்ணனுக்கும் தெரியவில்லை. ஆனால் சாயங்காலம் எனக்கும் சேர்த்து ஒரு தே தாரிக் டீ சொன்னார்.

1.8, சனி

அக்கா பினாங்குக்குப் பஸ் ஏறினாள். அப்பாவுக்கு எதை எப்போது செய்ய வேண்டும் என்று எனக்கு ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தாளாம். கடைசி நிமிடத்தில் கைப்பைக்குள்ளேயே போட்டுக்கொண்டாள்.

16.8, ஞாயிறு

கூண்டு இன்னும் சுபாங்கில்தான் இருக்கிறது.

வார நாட்களில் பகலில் முன்புபோலவே பக்கத்து வீட்டு இராஜம்மா அக்கா வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்கிறார். ஞாயிறு முழுக்க நான்.

பத்து மணிக்குப் பினாங்கிலிருந்து ஃபோன். பின்னால் பெண்களின் சிரிப்புச் சத்தம். அக்காவும் சிரித்து முடித்த குரலில் இருந்தாள்.

"ஏதாவது கேக்கணுமா?"

"இல்லக்கா."

"சரி" என்றாள்.

மதியம் அப்பாவுக்கு முடி வெட்டினேன். முதல் முறை. வலது பக்கம் சற்று அதிகமாகப் போய்விட்டது. கண்ணாடியை நீட்டினேன். தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு வலது கையால் கத்தரிக்கோலைச் சுட்டிக்காட்டி, இடது பக்கத்தைத் தொட்டார்.

அந்தப் பக்கமும் வெட்டினேன்.