அமாவாசையன்று தறி ஓடாது

அலமுவுக்கு,

நசுங்கின டம்ளரைத் தட்டிச் சரி பண்ணிட்டேன். செவுத்துல அது பட்ட எடத்துக்குச் சுண்ணாம்பும் பூசியாச்சு.

வயித்துத் தையல் பிரிச்சுட்டாங்க. இனிமே வலி ஊசியைத் தேடாதே, மாத்திரையோட சமாளின்னு டாக்டர் சொன்னது உனக்கும் தெரியும். சமாளிச்சுக்கினுதான் இருந்தேன். பக்கத்து வீட்டுக் கோதண்டபாணி தறியில குறுக்க ஓடற நாடாக்கட்டை டக்குனு இந்தப் பக்கம் வந்தா மூச்சை இழுப்பேன், அந்தப் பக்கம் போனா விடுவேன். அந்தச் சத்தத்தைப் புடிச்சுக்கினா வலி கொஞ்சம் அடங்கும்.

இன்னிக்கு அமாவாசை. பிள்ளையார்பாளையத்துல ஒரு தறியும் ஓடலை. உக்காந்தா இழுக்குது, படுத்தா குத்துது. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துக்கினே இருக்கேன்.

நான் டம்ளரை வீசின அன்னிக்கு நீ துரத்திவிட்ட கம்பவுண்டர் சிட்டிபாபு மறுபடி ஊசியோட வந்து உக்காந்திருக்காரு. "ஒண்ணே ஒண்ணு போட்டுக்கப்பா, நிம்மதியா தூங்கிடுவே"ங்கறாரு. வேணாம்னு சொல்ல வாய் வரலை.

அதனால, ஓரிக்கையில உங்கம்மா வீட்டுல இந்தக் கடிதத்தைக் குடுத்துட்டு வாங்க, வந்ததும் போட்டுக்கறேன்னு சொல்லி அவரைச் சைக்கிள்ல அனுப்பறேன். அவருக்கு எலை போட்டு உக்கார வை. அவர் சாப்பிட்டுக் கை கழுவறதுக்குள்ள நீ இங்க வந்துடு.

உன் வீட்டுக்காரன்