மண்டபம் பெரிது

பெப்ரவரி 15, ஞாயிறு

வேல்ஸில் இருக்கும் வருங்காலச் சம்பந்தி அம்மாவுடன் இன்று வீடியோவில் கதைத்தேன். இங்கே கனடாவில், பிறம்ரனில் பிடித்திருக்கும் கல்யாண மண்டபத்தின் படத்தைக் காட்டி, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று வெல்ஷ் மொழியில் கேட்டேன். மூன்று கிழமையாகக் குசினியில் சமைத்துக்கொண்டே சொல்லிப் பழகிய கேள்வி. மண்டபம் எப்போதோ பதிவாகிவிட்டது. மரியாதைக்குத்தான் கேட்டேன். எங்கள் ஆட்கள் என்றால் "உங்கட விருப்பம்" என்று முடித்திருப்பார்கள். அந்த மனுசியோ, "வடிவாக இருக்கிறது. உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டார்.

கேட்கப் பழகிய நான் பதில் சொல்லப் பழகவில்லை. "உங்கட விருப்பம்" என்பதை வெல்ஷில் எப்படிச் சொல்வது என்றும் தெரியாது. தெரிந்ததுதான் வாயில் வந்தது: "ரீ வவ்ர்." அளவுக்கு மிஞ்சிப் பெரிது.

கட்டப்போகிறவனிடம் வெல்ஷ் பழகிய என் மகள் பக்கத்தில் இருந்து துள்ளினாள். "அம்மா, சீரியஸா? நீங்கள்தான் பெரிசாச் செய்ய ஆசைப்படுறீங்கள் எண்டு நான் இவ்வளவு நாளும் வாயே திறக்கேல்லை! எனக்கும் சின்னதுதான் விருப்பம்."

அதை அவள் வெல்ஷிலும் சொல்ல, மூன்று பேரும் சிரித்தோம். சிரித்து முடியத்தான், இத்தனை மாதம் நித்திரை வராததன் காரணம் எனக்கே விளங்கியது. இப்போதே கண் சொருகுகிறது.

மண்டபத்தைப் பதிவு செய்தவர் இவர், என் மனுசன். பக்கத்தில் குறட்டை விடுகிறார். விடிந்ததும் இவரிடம் சொல்ல வேண்டும். அதுவும் தமிழில், "உங்கட விருப்பம்" என்று முடித்துவிடாமல் சொல்ல வேண்டும்.