போர்வையை விலக்கிப் பார்க்காத ஆய்வு

அனுப்புநர்:
திருமதி ஹில்டா கஸ்பார், பி.ஏ., பி.டி.,
கல்மண்டபம் சாலைப் பின்தெரு,
இராயபுரம், சென்னை-13.

பெறுநர்:
உயர்திரு தலைமை ஆய்வு அதிகாரி அவர்கள்,
இல்லப் பணிவிடைப் பிரிவு,
வடகடற்கரைத் தொழிலாளர் நல மன்றம்,
சென்னை.

பொருள்: உறுப்பினர் கஸ்பார் (வயது 51) – வீட்டுப் பணிவிடையின்போது பாதத்தில் ஏற்பட்ட தீப்புண் – மேற்பார்வையாளரின் ஆய்வு முறை – நோயாளியையும் மற்றப் பத்து வீடுகளின் நோயாளிகளையும் நேரில் பார்க்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது புகார், நாள் 16-1-1973.
2. தங்கள் அலுவலகப் பதில், நாள் 27-1-1973.

மதிப்புக்குரிய ஐயா,

1. இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக என் கணவரின் இடது பாதத்தை முகர்ந்து பார்த்தேன். நிறம் மாறுவதற்கு முன் வாடை மாறும், தினமும் கவனியுங்கள் என்று டாக்டர் மஜீது அவர்கள் சொல்லியிருக்கிறார். எங்கள் தெரு வழியாக விடிந்ததும் மீன் கூடைகள் போகும். கடற்காற்றும் அதே வாடையைத்தான் கொண்டுவரும். ஆகவே சன்னலைச் சாத்திவிட்டு, காலின் கட்டுத்துணியில் மூக்கு படும் அளவுக்குக் குனிந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இன்று நேற்றைவிடச் சற்று அதிகம் என்று தோன்றியது. அது உண்மையா, என் பயமா என்று கேட்டுத் தெளிய வீட்டில் மூன்றாவது ஆள் இல்லை. அதன் பிறகுதான் இந்த மனுவை எழுத உட்கார்ந்தேன். எழுத்தில் பதற்றம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2. என் கணவர் துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டியவர். 1969-ஆம் ஆண்டு கப்பலின் சரக்கறைக்குள் தவறி விழுந்து முதுகெலும்பு முறிந்தது. அன்று முதல் இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. ஊசியால் குத்தினாலும் தெரியாது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் எண்ணூரில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியை. காலை ஏழேகால் மணிக்குப் பஸ் பிடித்தால்தான் முதல் மணிக்குப் போய்ச் சேர முடியும்.

3. மன்றத்தின் கருணையால் சென்ற ஆண்டு ஜூன் முதல் மலர்க்கொடி என்ற பணிப்பெண் தினமும் காலை எட்டு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கதவைச் சும்மா சாத்திவிட்டுப் போவேன். கட்டிலின் தலைமாட்டில் நாளுக்கு ஒன்றாக மன்றத்தின் வருகை அட்டை தொங்கும். அதில் ஒன்பது கட்டங்கள். உடம்பு துடைத்தது, முதுகுக்கு ஸ்பிரிட் தடவிப் பவுடர் போட்டது, புரட்டிப் படுக்கவைத்தது என்று ஒவ்வொன்றுக்கும் அவள் குறி போட வேண்டும். ஏழாவது கட்டம், ‘கால்களுக்குச் சூட்டு ஒத்தடம்’. எல்லா நோயாளிகளுக்கும் ஒரே அட்டை அச்சிட்டிருக்கிறார்கள். அடியில், ‘இன்றைய பணி திருப்தி’ என்று குடும்பத்தார் கையெழுத்திட வேண்டும்.

4. இங்கே என் தவறை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். பணிப்பெண் வரும்போது நான் வீட்டில் இருப்பதில்லை. மாலையில் கையெழுத்திட்டால், மறுநாள் அதில் ஒப்பம் இருக்கிறதா என்று சரிபார்க்க அவளுக்கு நேரம் இல்லை. ஆகவே திங்கட்கிழமை காலையிலேயே அந்த வாரத்தின் எல்லா அட்டைகளிலும் கையெழுத்திட்டுவிடுவது எங்களுக்குள் வழக்கமாயிற்று. நடக்காத பணிக்கு நான் முன்கூட்டியே திருப்தி தெரிவித்தேன். என் மாணவிகள் வீட்டுக்கணக்கை முடிக்குமுன் விடையை எழுதினால் நான் அவர்களை எழுப்பி நிற்க வைப்பேன்.

5. மலர்க்கொடி பயிற்சி பெற்ற நர்சு அல்ல. ஒரு பிரசவ விடுதியில் ஆயாவாக இருந்தவள். ஆனால் அவளுக்கு அறிவு இருந்தது. வந்த முதல் வாரமே, “கால்தான் மரத்துப் போச்சே டீச்சர், சூடு வச்சா அண்ணாத்தைக்கு இன்னா தெரியும்? வெந்தாகூடத் தெரியாது” என்று சொல்லி ஏழாவது கட்டத்தை வெறுமையாக விட்டாள். நான்கு மாதம் அது வெறுமையாகவே இருந்தது. என் கணவருக்கும் ஒரு குறையும் இல்லை. அவளுடைய வாய்த்துடுக்கு அவருக்குப் பிடிக்கும். “வா மகாராணி, இன்னிக்கு எத்தினி ஊடு பாக்கி?” என்பார். “உன் ஊட்டோட சேத்து பதினொண்ணு. ஒரு பக்கமா படுத்துக்கினு பேசு” என்பாள்.

6. 17-10-1972 அன்று மேற்பார்வையாளர் திரு. பொன்னுரங்கம் அவர்கள் ஆய்வுக்கு வந்தார்கள். நான்கு நாள் முன்னதாகவே அறிவிப்பு வந்திருந்தது. நான் பாதி நாள் விடுப்பு எடுத்தேன். அலுவலகத்திலிருந்து ஒருவர் வருகிறார் என்றால் எங்கள் தெருவில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். தரையைக் கழுவி, ஊதுபத்தி ஏற்றி, பெட்டியில் இருந்த புதுப் போர்வையை எடுத்துக் கணவரின் கழுத்து வரை போர்த்தினேன். மேற்பார்வையாளருக்கு நாற்காலியும் குடிக்கக் கலர் சோடாவும் கொடுத்தேன். அவர்கள் நாற்காலியில் இருந்தபடியே அட்டைகளைக் கேட்டு வாங்கினார்கள். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் இடையே மூன்றடி கூட இராது. அவர்கள் எழுந்து அதைக் கடக்கவில்லை. “வூடு பளிச்சுனு கீதும்மா. மத்த இடமும் இப்படி இருந்தா எனக்கு இன்னா வேலை” என்றார்கள். அந்தப் பாராட்டில் நான் மகிழ்ந்ததும் உண்மை.

7. பிறகு ஏழாவது கட்டம் நான்கு மாதமாக வெறுமையாக இருப்பதைக் கண்டுபிடித்து, ‘ஒத்தடம் அளிக்கப்படவில்லை. தவறாமல் அளிக்கப்பட வேண்டும்’ என்று சிவப்பு மையில் எழுதினார்கள். மலர்க்கொடி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “கட்டம் காலியா இருந்தா மெமோதான். நீ டாக்டரா?” என்று கேட்டார்கள். அவள் என் முகத்தைப் பார்த்தாள். உணர்ச்சி இல்லாத காலில் சூடு வைக்கக்கூடாது என்பது அவளுக்குத் தெரிந்ததுபோல எனக்கும் தெரியும். வீட்டுக்கு வந்த அதிகாரியை மறுத்துப் பேசுவது மரியாதை அல்ல என்று சும்மா இருந்தேன். இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறாரே என்ற நன்றிகூட இருந்தது. சிவப்பு மையின் அடியில் கையெழுத்துக் கேட்டார்கள். இட்டேன்.

8. அதன் பிறகு அவள் தினமும் ஒத்தடம் கொடுத்தாள். ஒரு பழைய கண்ணாடி பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துணி சுற்றி, பாதங்களுக்கு நடுவே வைப்பாள். கை பொறுக்கும் சூடுதானா என்று தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள் என்று என் கணவர் சொன்னார். 11-1-1973 வியாழக்கிழமை, பாட்டிலை வைத்துவிட்டு, அரைமணி நேரத்தில் வந்து எடுப்பதாகச் சொல்லிப் பக்கத்துச் சந்தில் உள்ள வீட்டுக்குப் போனாள். தண்ணீர் அன்று சூடு கூடுதலாக இருந்திருக்கிறது. அந்த வீட்டில் ஒரு முதியவர் கட்டிலிலிருந்து விழுந்து கிடந்தார். அவரை எடுத்துக் கழுவிப் படுக்க வைத்துத் திரும்ப இரண்டரை மணி நேரம் ஆயிற்று. இதற்குள் துணி விலகிப் பாட்டில் பாதத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. என் கணவர் அவ்வளவு நேரமும் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவள் போர்வையை விலக்கிப் பார்த்து அழுதபோது, “இன்னா மகாராணி, யார் செத்துப் பூட்டாங்க?” என்று கேட்டாராம்.

9. அவள் ஓடிப் போகவில்லை. மறைக்கவும் இல்லை. தெருவில் ஆள் அனுப்பி டாக்டரை வரவழைத்துவிட்டு, மீதமிருந்த ஆறு வீடுகளுக்கும் போகாமல், நான் வரும் வரை அவர் காலடியில் உட்கார்ந்திருந்தாள். அந்த ஆறு வீடுகளுக்குப் போகாத குற்றத்துக்காக மன்றம் அவளை நீக்கிவிட்டது. சுட்டதற்காக நீக்கியிருந்தால் ஒரு நியாயமாவது சொல்லலாம்.

10. பதினொரு நாள் மருத்துவமனையில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். குதிகாலிலிருந்து நடுப்பாதம் வரை தோல் கறுத்திருக்கிறது. கறுப்பு கணுக்காலைத் தாண்டினால் காலை எடுக்க வேண்டியிருக்கும், இந்த உடம்பு அதைத் தாங்குமா என்று சொல்ல முடியாது என்று டாக்டர் மஜீது அவர்கள் என்னை வெளியே அழைத்துச் சொன்னார்கள். இடுப்பில் ஒரு படுக்கைப் புண்ணும் இருக்கிறது. அது அக்டோபரிலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்றார்கள். அப்படியானால் நான் புதுப் போர்வை போர்த்திய அன்று அது அதன் அடியிலேயே இருந்திருக்கிறது. மாலையில் உடம்பு துடைக்கும்போது நான் அவரை முழுவதும் புரட்டிப் பார்த்ததில்லை. எனக்கு வலு போதவில்லை. காலையில் புரட்டியாகிவிட்டது என்று அட்டையில் குறி இருந்தது. அட்டையை நானும் நம்பினேன், ஐயா.

11. என் புகாரின்பேரில் மேற்பார்வையாளர் 24-1-1973 அன்று மறுபடி வந்தார்கள். இந்த முறை நாற்காலி போடவில்லை. நானே போர்வையை விலக்கினேன். அவர்கள் சுவரில் இருந்த காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டு, “மூடிடுங்கம்மா. டாக்டர் பாக்கறது அது. எனக்கு அட்டைதான் டூட்டி” என்றார்கள். அட்டைகளைக் கட்டி எடுத்துப் போனார்கள். மூன்றாம் நாள் தங்கள் அலுவலகப் பதில் வந்தது. ‘11-1-1973 தேதிய அட்டையில் ஒன்பது பணிகளும் நிறைவேற்றப்பட்டதாகவும், பணி திருப்தி என்றும் புகார்தாரரே ஒப்பமிட்டிருப்பதால் மேல்நடவடிக்கைக்கு இடமில்லை’ என்று அதில் கண்டிருக்கிறது.

12. அந்த ஒப்பம் என்னுடையதுதான். அது எட்டாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஆறரை மணிக்கு இடப்பட்டது. ஒன்பது கட்டங்களும் அன்று நிறைந்திருந்தன என்பதும் சரிதான். ஏழாவது கட்டம் நிறைந்ததால்தான் அவர் பாதம் வெந்தது. இதை எப்படி எழுதினால் ஓர் அலுவலகத்துக்குப் புரியும் என்று ஆறு நாளாக யோசித்தும் எனக்கு வேறு வாக்கியம் கிடைக்கவில்லை.

13. இப்போது என் வேண்டுகோள்கள்:

(அ) தாங்களோ, தங்கள் உத்தரவின்பேரில் ஒரு டாக்டரோ, பயிற்சி பெற்ற நர்சோ இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் என் கணவரை நேரில் வந்து பார்க்க வேண்டும். என் விடுப்பு அன்றோடு முடிகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்ட வேண்டும். கட்டு தினமும் மாற்ற வேண்டும். அவரைத் தனியாக விட்டுப் போனால் அவர் பிழைக்க மாட்டார்.

(ஆ) மலர்க்கொடி பார்த்துவந்த மற்றப் பத்து வீடுகளுக்கும் முன்னறிவிப்பு இல்லாமல் ஆட்களை அனுப்பி, போர்வையை விலக்கி, முதுகையும் இடுப்பையும் குதிகாலையும் பார்க்கச் சொல்ல வேண்டும். இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை ஒருத்தி ஒரே நாளில் பதினொரு பேரைப் புரட்ட முடியாது. அட்டைகளில் புரட்டியாகியிருக்கும். அவர்களில் பக்கவாதம் வந்து உணர்ச்சி இழந்தவர்கள் மூன்று பேர் என்று அவள் சொன்னாள். அந்த வீடுகளிலும் ஏழாவது கட்டம் இருக்கிறது. இதற்கு ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

(இ) ‘இவருக்குத் தேவையில்லை’ என்று எழுத அட்டையில் இடம் வேண்டும். எழுதுகிற பணிப்பெண்ணுக்கு மெமோ வரக்கூடாது.

(ஈ) மலர்க்கொடியை மீண்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். குறைந்தபட்சம் அவளை அழைத்துக் கேட்க வேண்டும். இந்த விஷயத்தில் நோயாளியைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

14. கடைசியாக ஒன்று. சென்ற செவ்வாய்க்கிழமை மேற்பார்வையாளர் ஒரு தட்டச்சுத் தாளை அனுப்பிவைத்தார்கள். வெந்நீர்ப் பாட்டில் குடும்பத்தாரால் வைக்கப்பட்டது என்றும், புகாரை நான் திரும்பப் பெறுகிறேன் என்றும் அதில் இருக்கிறது. சனிக்கிழமைக்குள் கையெழுத்திட்டால் திங்கள் முதல் புதிய பணிப்பெண் வருவாள். இல்லாவிட்டால் புகாரைத் திரும்பப் பெறும் வரை பணிவிடை நிறுத்தம். என் கணவர், “போட்டுட்டுப் போ ஹில்டா. நீ வேலைக்குப் போவணும். என் கால் இனிமே எங்க நடக்கப் போவுது” என்கிறார். நான் போட்டுவிடுவேன் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். மூன்று நாளாக நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பயத்தில் இருப்பவளுக்கு ஒரு கையெழுத்து மிகச் சிறிய விலையாகத் தெரியும்.

கையெழுத்திட்டால் இந்த வீட்டுக்கு ஓர் ஆள் வருவாள். அவள் கையில் அதே அட்டை இருக்கும். மற்றப் பத்து வீடுகளுக்கும் போய் யாரும் போர்வையை விலக்கிப் பார்க்கமாட்டார்கள். ஆகவே இன்று காலை முடிவு செய்தேன். அந்தத் தாளில் நான் கையெழுத்திடப் போவதில்லை. ஞாயிறு மாலைக்குள் யாரும் வராவிட்டால் திங்கட்கிழமை என் பத்தொன்பது ஆண்டு வேலையை ராஜினாமா செய்துவிட்டு அவர் பக்கத்தில் இருப்பேன். எங்கள் வீட்டில் வேறு சம்பளம் கிடையாது. எஸ்.எஸ்.எல்.சி. வகுப்புக்குப் பரீட்சை வர ஆறு வாரம்தான் இருக்கிறது. இதை என் கணவரிடமோ தலைமை ஆசிரியையிடமோ இன்னும் சொல்லவில்லை. முதலில் தங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

தங்கள் வருகையை எதிர்பார்த்து,
வணக்கத்துடன்,

(ஒப்பம்) ஹில்டா கஸ்பார்

இடம்: இராயபுரம்
நாள்: 2-2-1973, வெள்ளிக்கிழமை

இணைப்பு: டாக்டர் மஜீது அவர்களின் சான்று – 1, கையெழுத்திடப்படாத தட்டச்சுத் தாள் – 1.