பதின்மூன்றாவது விலா

அன்பு மகன் றிஸ்கானுக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் உம்மாவின் முழங்காலைத் தவிர வீட்டில் எல்லாம் சுகம். உன் சுகத்தை நான் கேட்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை போனில் நீ தங்கச்சிக்கு ஏசின ஏச்சிலேயே தொண்டையும் நெஞ்சும் நல்லா வேலை செய்வது தெரிந்தது. இதை எழுதி வாட்ஸ்அப்பில் படமாக அனுப்புகிறேன், வாயால் சொன்னால் இடையில் மறித்துக் கத்துவாய், எழுத்தை மறிக்க ஏலாது.

மகன், அந்த ஏச்சு ஆள் மாறிப்போன ஏச்சு. நீ மெல்பேர்னில் டொக்டருக்குப் படித்துக்கொண்டு தங்கச்சி ஹப்ஸாவின் ஏ.எல். உயர்தரச் சோதனைக்காகக் கம்ப்யூட்டரில் மனித உடம்பைச் சுழற்றிச் சுழற்றிப் படிப்பிக்கிறாய், தோலை அமத்தினால் தோல் போகிறது, தசையை அமத்தினால் எலும்பு வருகிறது, கத்தியும் இல்லை ரத்தமும் இல்லை, கல்முனைச் சந்தையில் முப்பது வருசமாக மாட்டிறைச்சிக் கடை வைத்திருக்கிற எனக்கே பொறாமை. சனிக்கிழமை நீ கொடுத்த பரீட்சையை அவள் செய்து முடித்து, இன்னொருக்கா பார்த்துத்தான் அனுப்புவேன் என்று அஸர் தொழப் போனாள். நான் சும்மா எட்டிப் பார்த்தேன். விலா பன்னிரண்டு சோடி என்று போட்டிருந்தாள். யா அல்லாஹ், இறைச்சிக் கடைக்காரன் மகளுக்கு விலா எண்ணத் தெரியாதா! பதின்மூன்றாக்கினேன். இரைப்பைக்கு ஒரே அறையாம், நாலறை இல்லாத இரைப்பையை நான் கண்டதேயில்லை, நாலாக்கினேன். வலது சிறுநீரகம் இடப்பக்கம், இடது வலப்பக்கம், பிள்ளை அவசரத்தில் தடுமாறிற்று என்று அந்த மாதிரி இருந்ததையெல்லாம் விரலால் இழுத்து மாற்றினேன். படத்து மனிசன் நம்மைப் பார்த்து நிற்கிறான், அவன் வலம் நமக்கு இடம் என்று எனக்கு எப்படித் தெரியும், என் கடையில் தொங்குகிறதுக்கு முகமே இல்லை. கீழே ஒரு பச்சைப் பொத்தான் இருந்தது, அதையும் அமத்தினேன், எல்லாம் உனக்குப் போய்விட்டது. அவள் தொழுது வந்ததும் பெருமையாகச் சொன்னேன், பிள்ளை நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இருபதுக்கு நாலு. டொக்டர் ஆசையை விடு, இனிப் படிப்பிக்க மாட்டேன் என்று நீ கத்தினாய், அவள் ஓம் காக்கா என்றாள், அவ்வளவுதான். நானும் பக்கத்தில்தான் இருந்தேன், வாய் திறக்கவில்லை, வெட்கமாக இருக்கு மகன். ஏன் புள்ள என்னைச் சொல்லல்ல என்று பிறகு கேட்டேன், காக்கா உங்களுக்கு ஏசினா கேட்டுட்டு இருக்க ஏலா வாப்பா என்றாள். அன்றிலிருந்து கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை, சோறும் அரைவயிறுதான். சோதனைக்கு இன்னும் ஆறு கிழமை.

எனக்கு இப்போது விளங்கிவிட்டது, நான் போட்டதெல்லாம் மாட்டுக் கணக்கு. ஆனாலும் மனம் கேளாமல் பக்கத்துக் கடை றாஸிக்கைச் சட்டை கழற்றச் சொல்லி எண்ணினேன், மெலிந்த மனிசன், பன்னிரண்டுதான். சந்தையில் இப்போது எனக்குக் கொஞ்சம் கெட்ட பெயர்.

நீ குளிருக்குத் தொப்பி போடு, தேத்தண்ணியோடு மட்டும் கிடக்காதே. உன் படிப்பிலும் கைராசியிலும் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும், உம்மாவின் துஆவும் சேர்ந்தே வருகிறது. இதை வாசித்ததும் எனக்கல்ல, முதலில் அவளுக்குப் போன் எடு. பதினாறு பிழையும் என்னுடையது மகன், நான் கை வைக்காத நாலும்தான் சரியாக இருந்தது.

உன் வாப்பா,
அபுல் ஹஸன்