இலை கொட்டும் இடத்து மண்

திங்கள். மழை.

டாக்டர் சிதம்பரம் என் பூஞ்சையைத் திருடிவிட்டார். கூலாய் நகர ஆய்வுக்கூடச் சுவரில் இன்று புதிய சுவரொட்டி. துணி ஆலைகளில் கஞ்சி நீக்க, அந்தப் பூஞ்சை சுரக்கும், மாவுச்சத்தை உடைக்கும் நொதி. கண்டறிந்தவர்: அவர், அவர் மட்டும். என் ஊரான பெக்கோக் தோட்டத்தில் மண் எடுத்தது, நீரில் கரைத்துத் தட்டில் பரப்பியது, நாற்பது பூஞ்சைகளிலிருந்து இந்த ஒன்றைப் பிரித்தது, எல்லாம் நான். பெக்கோக் எந்தப் பக்கம் என்றுகூட அவருக்குத் தெரியாது.

கேட்டேன். “நம்ம புள்ளன்னுதானேம்மா வேலை குடுத்தேன். பேரு என்னா பெரிய பேரு லா?”

நம்ம புள்ள. சம்பளம் கேட்டாலும் இதே பதில்தான்.

செவ்வாய்.

கையுறை தீர்ந்துவிட்டது. பல் வலி.

பூஞ்சை சுணங்கிவிட்டது. நொதி பாதிகூட வரவில்லை. தட்டுக்குத் தட்டு மாற்றி வளர்த்துக்கொண்டே போனால் குணம் போய்விடும். ஆரம்பத்திலேயே கொஞ்சம் உறையவைத்துப் பாதுகாக்க வேண்டும். அன்றே சொன்னேன். உறைபெட்டியில் இடமில்லை என்றார். உள்ளே அவர் மகளின் பிறந்தநாள் ஐஸ்கிரீம்.

தட்டு கழுவும் மாலதி: “அலமாக்! அப்போ எல்லாம் போச்சாக்கா?”

“மண்ணுல இருக்குடி. திரும்பப் பிரிக்கலாம்.”

புதன். நல்ல வெயில்.

டாக்டர் முதல் முறையாக என் மேசைக்கு வந்தார். “கஸ்தூரி, அந்த மண்ண எங்கம்மா எடுத்த? அடுத்த மாசம் ஆலைக்காரங்க வர்றாங்க.”

காலியான மண் பையில் ‘பெக்கோக்’ என்று மட்டும் எழுதியிருந்தேன். ஊர் முழுக்கத் தோண்டட்டும்.

அப்பாவுக்கு ஃபோன். “கோயிலுக்குப் பின்னால, அன்னதான எலை கொட்ற எடம் அப்படியே இருக்காப்பா?”

“இருக்கு. ஏன், எச்சி எலைக்கும் கம்பெனி வருதா?”

சிரிக்க முடியவில்லை. வருடக்கணக்காக அங்கே சோறு மக்குகிறது. அதைத் தின்றே வளர்ந்த பூஞ்சை. தோட்டத்து ஆட்கள் கொட்டிய சோறு.

வியாழன்.

டாக்டர், எல்லார் முன்னாலும்: “எடத்தச் சொல்லு. இல்லன்னா நாளையிலேருந்து வராத.”

“சுவரொட்டியில என் பேரு, தோட்டத்துப் பேரு. ரெண்டும் போடுறேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க டாக்டர். இப்பவே கூட்டிட்டுப் போறேன்.”

பேனாவை நீட்டினேன். வாங்கவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மாலதி குழாயை மூடிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவைத் தட்டினேன்.

“போடுவீங்களா, மாட்டீங்களா?”

பேனாவைக் கதவுக்கு அடியில் உள்ளே தள்ளினேன்.